இரண்டே எண்கள்: உயர்தரப் பௌதிகவியலில் ஆவியும் ஈரப்பதனும்

அடுப்பில் கேத்தல் நன்றாகக் கொதிக்கும்போது அதன் மூக்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். கையை நீட்ட வேண்டாம், பார்த்தால் போதும். மூக்கு முடிகிற இடத்தை ஒட்டி ஒரு விரலளவு தூரத்துக்கு ஒன்றுமே இருக்காது. அதற்கு அப்பால்தான் வெள்ளைவெளேரென்று கிளம்பும். இதில் நீராவி எது என்று கேட்டால் அநேகமாக எல்லாரும் வெள்ளையைத்தான் காட்டுவார்கள். நீராவி இருப்பதோ ஒன்றும் தெரியாத அந்த விரலளவு இடத்தில். அதற்கு நிறமில்லை, கண்ணுக்கும் தெரியாது. வெள்ளையாகத் தெரிவது, ஆவி குளிர்ந்து மறுபடி தண்ணீரான பொடித்துளிகள். காலையில் தேயிலை மலையை மூடி நிற்கிற பனிமூட்டமும் அதேதான். அது ஆவியல்ல, துளி.

உயர்தரப் பௌதிகவியல் மீட்டலில் பிள்ளைகள் கடைசிக்குத் தள்ளிவைக்கிற பகுதிகளில் இந்த "ஆவியும் ஈரப்பதனும்" ஒன்று. பொறியியலுக்கும் (விசையும் இயக்கமும்) மின்னுக்கும் மாதக்கணக்கில் நேரம் கொடுப்பவர்கள், இதற்கு வரைவிலக்கணம் நாலைப் பாடமாக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போகிறார்கள். எனக்கு இது மனவருத்தம் தருகிற விஷயம். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் பண்டாரவளையிலும் படிக்கிற பிள்ளைக்கு இந்தப் பாடத்தின் ஆய்வுகூடம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கொழும்புப் பிள்ளை கற்பனை செய்துதான் பார்க்க வேண்டும். நாங்கள் கதவைத் திறந்தால் போதும்.

இந்தப் பகுதியில் வருகிற எந்தக் கேள்வியாக இருந்தாலும் இரண்டு எண்களைத்தான் தேட வேண்டும். ஒன்று, அந்த இடத்தில் இப்போது இருக்கிற நீராவியின் அமுக்கம். மற்றது, அந்த வெப்பநிலையில் நீராவிக்கு இருக்கக்கூடிய ஆகக்கூடிய அமுக்கம். முதலாவது, ஆவியின் பகுதியமுக்கம். இரண்டாவது, நிரம்பலாவியமுக்கம். இவை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துப் பாருங்கள். சாரீரப்பதன், பனிபடுநிலை, கொதிநிலை, பனிமூட்டம் எல்லாம் அந்த ஒப்பீட்டிலிருந்தே வெளியே வரும்.

நிரம்பலாவியமுக்கம் எங்கிருந்து வருகிறது

ஒரு போத்தலில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி இறுக மூடி வையுங்கள். தண்ணீர் மேற்பரப்பில் இருக்கிற மூலக்கூறுகளில் வேகமானவை மேலே தப்பிப் போகும். எத்தனை தப்பும் என்பதைத் தீர்மானிப்பது வெப்பநிலை. மேலே போனவை அங்கேயே நிற்பதில்லை; அலைந்து திரிந்து சில திரும்பவும் தண்ணீரில் விழும். எத்தனை திரும்பும் என்பதைத் தீர்மானிப்பது மேலே எவ்வளவு நெருக்கம் என்பது. முதலில் போவது கூட, வருவது குறைவு. மேலே நெருக்கம் கூடக்கூட வருகையும் கூடும். ஒரு கட்டத்தில் போகிற எண்ணிக்கையும் வருகிற எண்ணிக்கையும் சமன். அந்த நிலையில் ஆவி காட்டுகிற அமுக்கம்தான் நிரம்பலாவியமுக்கம்.

அப்போது ஆவியாதல் நின்றுவிட்டதா? இல்லை. இரண்டு பக்கமும் போக்குவரத்து நடந்துகொண்டேதான் இருக்கிறது, கணக்குத்தான் சமன். "நிரம்பிய பின் ஆவியாதல் நின்றுவிடும்" என்று பல்தேர்வில் ஒரு விடை இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

சரி, இந்த அமுக்கம் எதில் தங்கியிருக்கிறது? திரவம் எது என்பதிலும் வெப்பநிலையிலும் மட்டும். போத்தல் பெரிதா சிறிதா என்பதில் இல்லை, தண்ணீர் எவ்வளவு என்பதிலும் இல்லை. முக்கியமாக, மேலே காற்று இருக்கிறதா இல்லையா என்பதிலும் இல்லை. "சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும்" என்று நாமெல்லாம் சின்ன வகுப்பிலிருந்தே சொல்லிப் பழகிவிட்டோம். கேட்டால், காற்று ஏதோ பஞ்சு மாதிரி ஆவியை உறிஞ்சி வைத்திருப்பதுபோல் இருக்கும். காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரசப் பாரமானியை நினைத்துப் பாருங்கள். இரச நிரலுக்கு மேலே இருப்பது வெற்றிடம், காற்றே கிடையாது. குழாயின் அடியால் சில துளி தண்ணீரை உள்ளே விட்டால் அது இரசத்தின் மேலே ஏறி நின்று ஆவியாகும். 20 பாகையில் 760 மில்லிமீற்றர் நின்ற நிரல் ஏறக்குறைய 742.5க்கு இறங்கும். இறங்கிய 17.5 மில்லிமீற்றர்தான் 20 பாகையில் நீரின் நிரம்பலாவியமுக்கம். காற்று இல்லாத இடத்திலும் அதே 17.5, காற்று நிறைந்த இடத்திலும் அதே 17.5.

கைவசம் இருக்க வேண்டிய சில பெறுமானங்களைச் சொல்கிறேன். எல்லாம் இரச மில்லிமீற்றரில். 10 பாகையில் 9.2, 12 பாகையில் 10.5, 18 பாகையில் 15.5, 20 பாகையில் 17.5, 25 பாகையில் 23.8, 30 பாகையில் 31.8, 100 பாகையில் 760. பரீட்சையில் வேண்டியதைத் தருவார்கள், பாடமாக்கத் தேவையில்லை. ஆனால் எப்படிக் கூடுகிறது என்று பாருங்கள். 10லிருந்து 20க்குப் போகும்போது ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. நேர்கோடு அல்ல, மேல்நோக்கி வளைகிற வளையி. வளையியை வரையச் சொன்னால் உற்பத்தியிலிருந்து, அதாவது இரண்டு அச்சும் வெட்டுகிற பூச்சியப் புள்ளியிலிருந்து, நேர்கோடு இழுத்துவிட வேண்டாம். 0 பாகையில்கூட 4.6 மில்லிமீற்றர் இருக்கிறது.

நுவரெலியாவில் பருப்பு ஏன் வேகமாட்டேன் என்கிறது

திரவத்துக்குள்ளேயே ஆவிக் குமிழ் உருவாகி நசுங்காமல் நிற்க வேண்டுமானால், உள்ளே இருக்கிற ஆவியின் அமுக்கம் வெளி அமுக்கத்தோடு சமனாக வேண்டும். கொதித்தல் என்பது அவ்வளவுதான்: நிரம்பலாவியமுக்கம் வெளி அமுக்கத்தைத் தொடுகிற வெப்பநிலை. கடல் மட்டத்தில் வெளி அமுக்கம் 760, அதனால் 100 பாகை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளிமண்டல அமுக்கம் சுமார் 610 மில்லிமீற்றர்தான். நீரின் நிரம்பலாவியமுக்கம் 610ஐத் தொடுவது சுமார் 94 பாகையில். ஆகவே தண்ணீர் அங்கே 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை விறகை வைத்தாலும் வெப்பநிலை ஏறாது, தண்ணீர்தான் வற்றும். பருப்பு வேகத் தாமதிப்பதற்குக் காரணம் இந்த ஆறு பாகை.

இதற்குத்தான் பிரஷர் குக்கர். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. குக்கர் மூடியில் வைக்கிற நிறை, உள் அமுக்கத்தைத் தனியாகத் தீர்மானிப்பதில்லை. வெளி அமுக்கத்தைவிட உள்ளே எவ்வளவு கூட இருக்கலாம் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. அந்த மேலதிகம் ஒரு வளிமண்டலம், அதாவது 760 என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் உள்ளே 1,520, நுவரெலியாவில் 1,370. கொழும்பில் சுமார் 120 பாகை, நுவரெலியாவில் சுமார் 117. ஒரே குக்கர்தான், மலையில் சற்றுக் குறைந்த வெப்பநிலை. இப்படி ஒரு பகுதி அமைப்புக் கட்டுரை வினாவில் வந்தால், நிறையை அது மூடுகிற துளையின் பரப்பளவால் வகுத்து, அதோடு வெளி அமுக்கத்தைக் கூட்ட மறந்துவிடாதீர்கள். புள்ளி போவது அந்தக் கூட்டலில்தான்.

மினுக்கிய கலோரிமானியும் ஒரு பொறியும்

இனிச் சாரீரப்பதன். சில புத்தகங்களில் தொடர்பு ஈரப்பதன் என்றும் இருக்கும், இரண்டும் ஒன்றே. இருக்கிற ஆவியமுக்கத்தை, அதே வெப்பநிலையில் இருக்கக்கூடிய நிரம்பலாவியமுக்கத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது. நான் முதலில் சொன்ன இரண்டு எண்களின் விகிதம், வேறொன்றுமில்லை.

இரண்டாவது எண்ணை அட்டவணையில் எடுத்துக்கொள்ளலாம். முதலாவதை எப்படி அளப்பது? காற்றுக்குள் கை விட்டு ஆவியை மட்டும் பிரித்து எடுக்க முடியாது. அதற்குத்தான் பனிபடுநிலை. திறந்த இடத்தில் காற்றை மெல்ல மெல்லக் குளிர்த்தினால் மொத்த அமுக்கம் மாறாது, ஆகவே ஆவியின் பகுதியமுக்கமும் மாறாது. மாறுவது நிரம்பலாவியமுக்கம், அது இறங்கிக்கொண்டே வரும். இறங்கி இறங்கி, இருக்கிற ஆவியமுக்கத்தைத் தொடுகிற வெப்பநிலையில் முதல் துளி படியும். அதுதான் பனிபடுநிலை. அந்த வெப்பநிலைக்குரிய நிரம்பலாவியமுக்கத்தை அட்டவணையில் பார்த்தால், நாம் தேடிய முதலாவது எண் கையில்.

செய்முறையில் மினுக்கிய கலோரிமானியில், அதாவது பளபளக்கிற உலோகக் கிண்ணத்தில், தண்ணீர் எடுத்து, சின்னச் சின்ன ஐஸ் துண்டாக ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்குவோம். பளபளவென்றிருக்கிற வெளிப்பக்கம் மங்கத் தொடங்குகிற வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, பிறகு அது தானாகச் சூடேற விட்டு மங்கல் மறைகிற வெப்பநிலையையும் குறிப்போம். இரண்டின் சராசரி பனிபடுநிலை. கலோரிமானிக்கும் நமக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தகடு வைப்பது ஏன் என்று கேட்பார்கள். நம் மூச்சில் ஈரம் அதிகம், அது பட்டால் உண்மையான பனிபடுநிலைக்கு முன்பே பளபளப்பு மங்கிவிடும். ஐஸைச் சிறு துண்டாக ஏன் போடுகிறோம்? வெப்பநிலை மெதுவாக இறங்கினால்தான் மங்குகிற கணத்தைச் சரியாகப் பிடிக்கலாம். இன்னொன்று, வெளியே பனிமூட்டம் அடர்ந்த நாளில் இந்தப் பரிசோதனையைச் செய்து பாருங்கள். ஐஸ் போட்ட உடனேயே மங்கும். அறை வெப்பநிலையும் பனிபடுநிலையும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்ட நாள் அது.

இப்போது ஒரு கணக்கு. அறை வெப்பநிலை 20 பாகை, பனிபடுநிலை 12 பாகை. சாரீரப்பதன், 10.5ஐ 17.5ஆல் வகுத்தால் 0.6, அதாவது 60 சதவீதம். கணிப்பான் இல்லாத பரீட்சைக்கு ஏற்ற எண்கள். ஆனால் ஒரு பொறியும் இருக்கிறது. பனிபடுநிலை 12ஐ அறை வெப்பநிலை 20ஆல் வகுத்தாலும் 60 சதவீதம் வரும்! இது முழுக்க முழுக்கத் தற்செயல். வெப்பநிலைகளை வகுப்பது பிழை. வகுக்க வேண்டியது அவற்றுக்குரிய அமுக்கங்களை. நம்பாவிட்டால் 25 பாகையும் 18 பாகையும் எடுத்துப் பாருங்கள். சரியான விடை 15.5ஐ 23.8ஆல் வகுத்து 65 சதவீதம். வெப்பநிலைகளை வகுத்தால் 72 வரும். ஒரு கணக்கில் விடை சரியாக வந்துவிட்டதென்று வழியும் சரி என்று நம்பிவிடக் கூடாது, மீட்டலில் இது மிகவும் ஆபத்தான இடம்.

அதே 60 சதவீத அறையை எடுத்துக்கொள்வோம். லயத்துக் காம்பரா என்றே வைத்துக்கொள்ளுங்கள், கனவளவு 30 கன மீற்றர், கதவு யன்னல் எல்லாம் மூடியிருக்கிறது. 20 பாகையில் நிரம்பிய ஆவி ஒரு கன மீற்றரில் 17.3 கிராம் இருக்கும், 60 சதவீதம் என்றால் ஏறக்குறைய 10.4 கிராம். விடியற்காலை 10 பாகைக்கு இறங்கினால் ஒரு கன மீற்றரில் இருக்கக்கூடியது 9.4 கிராம்தான். மிஞ்சுகிற 1 கிராம் தண்ணீராக வேண்டும். முழு அறைக்கும் 30 கிராம். உள்ளே படுத்திருப்பவர்களின் மூச்சு இந்தக் கணக்கில் இல்லை, அது சேர்ந்தால் இன்னும் கூடும். இந்தத் தண்ணீர் எங்கே படியும்? அறையில் எது ஆகக் குளிர்ந்ததோ அதில். இரவு முழுக்க வானத்துக்கு வெப்பத்தைக் கதிர்த்துக் குளிர்ந்துபோன தகரக் கூரைதான் அது. காலையில் தகரத்தின் உட்பக்கத்திலிருந்து முகத்தில் சொட்டுகிற தண்ணீரை மழை ஒழுகுகிறது என்று நினைத்து ஆணித் துளையைத் தேடியிருக்கிறேன். மழையே பெய்யாத இரவில்.

மேற்குப் பக்கம் பனி, ஊவாப் பக்கம் வெயில்

தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து கினிகத்தேனை, வட்டவளைப் பக்கச் சரிவில் மேலே ஏறுகிறது. ஏறுகிற காற்றுக்கு வெளி அமுக்கம் குறைகிறது, அது விரிகிறது. விரியும்போது சுற்றாடலைத் தள்ளி வேலை செய்கிறது. வெளியிலிருந்து வெப்பம் வந்து சேர நேரமில்லை. அப்படியானால் அந்த வேலைக்கான சக்தி காற்றின் அகச்சக்தியிலிருந்துதான் வர வேண்டும். வெப்பவியக்கவியலின் முதலாம் விதி. ஆகவே காற்று குளிர்கிறது, 100 மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு பாகை வீதம். ஏறும்போது ஆவியின் பகுதியமுக்கமும் சற்றுக் குறையத்தான் செய்கிறது, ஆனால் நிரம்பலாவியமுக்கம் அதைவிட வேகமாக விழுகிறது. இரண்டு எண்ணும் சந்திக்கிற உயரத்தில் முகில் தொடங்குகிறது. வீதியில் போகிற நமக்கு அது பனிமூட்டம், கீழே ஊரிலிருந்து பார்ப்பவருக்கு அது மலையில் படுத்த முகில்.

மழையாகக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்குகிற காற்றுக்கு எல்லாம் தலைகீழ். அமுங்குகிறது, சூடாகிறது, நிரம்பலாவியமுக்கம் ஏறுகிறது. இருக்கிற ஆவியோ குறைவு. சாரீரப்பதன் விழுந்துவிடும். ஹட்டனில் குடையோடு திரிகிற அதே வாரத்தில் பதுளையில் வரட்டுக் காற்று. ஊவாத் தேயிலையின் பேர்போன வாசனைப் பருவமும் இந்த வரட்டுக் காற்று வீசும் மாதங்களோடு சேர்ந்ததே.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற இடத்துக்குப் போகக் கிடைத்தால், சுவரில் இரண்டு வெப்பமானி பக்கத்தில் பக்கத்தில் தொங்குகிறதா என்று பாருங்கள். ஒன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றியிருக்கும். காற்று வரண்டிருந்தால் துணியிலிருந்து தண்ணீர் வேகமாக ஆவியாகும், ஆவியாகத் தேவையான வெப்பத்தை, அதாவது மறைவெப்பத்தை, குமிழிடமிருந்தே எடுக்கும், அந்த வெப்பமானி குறைவாகக் காட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதென்றால் கொழுந்து நன்றாக வாடும். வித்தியாசம் பூச்சியமென்றால் காற்று நிரம்பிவிட்டது, விசிறி எவ்வளவு ஓடினாலும் கொழுந்திலிருந்து தண்ணீர் போகாது. அப்படிப்பட்ட மழை நாளில் சூடாக்கிய காற்றைக் கலந்து விடுவார்கள். 18 பாகையில் நிரம்பிய காற்றை 28 பாகைக்குச் சூடாக்கினால் ஆவியமுக்கம் அதே 15.5. ஆனால் 28 பாகையில் நிரம்பலாவியமுக்கம் 28.3. சாரீரப்பதன் 100லிருந்து ஏறக்குறைய 55 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. காற்றிலிருந்து ஒரு துளி ஆவியைக்கூட யாரும் வெளியே எடுக்கவில்லை. "காற்றை உலர்த்தினார்கள்" என்று சொல்வதைவிட "வகுக்கிற எண்ணைப் பெரிதாக்கினார்கள்" என்று சொன்னால் பௌதிகவியல் சரியாக இருக்கும்.

மூடிய பாத்திரக் கணக்கு

இது பல்தேர்விலும் வரும், கட்டுரையிலும் வரும். 30 பாகையில் ஒரு பாத்திரத்தில் காற்றும் நிரம்பிய நீராவியும். மொத்த அமுக்கம் 752 மில்லிமீற்றர், நிரம்பலாவியமுக்கம் 32 என்று எடுப்போம். வெப்பநிலை மாறாமல் கனவளவை அரைவாசியாக்கினால் அமுக்கம் என்ன? அவசரத்தில் பொயிலின் விதியை (வெப்பநிலை மாறாவிட்டால் கனவளவு பாதியாக அமுக்கம் இரண்டு மடங்காகும்) மொத்தத்துக்கும் போட்டு 1,504 என்று எழுதுவார்கள். பிழை. கலவையில் ஒவ்வொரு வாயுவும் தன் அமுக்கத்தைத் தனியாகத் தரும் என்று தாற்றன் சொன்னபடி இரண்டையும் பிரியுங்கள். காற்று 720, அது பொயிலின் விதிக்குக் கட்டுப்பட்டு 1,440 ஆகும். ஆவி ஏற்கெனவே நிரம்பியது, அதற்கு 32ஐத் தாண்ட உரிமையில்லை. மொத்தம் 1,472. ஆவியில் பாதி தண்ணீராகிச் சுவரில் படிந்திருக்கும். நிரம்பாத ஆவியென்றால் வாயு விதியைப் போடலாம், ஆனால் விடை 32ஐத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தாண்டினால் 32இலேயே நிறுத்துங்கள்.

ஈரமான காற்று பாரம் கூடியதா என்று கேட்டால், இல்லை. ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் உலர் காற்றைவிட அது இலேசானது. பாரமான காற்று மூலக்கூறுகளின் இடத்தை இலேசான நீர் மூலக்கூறுகள் பிடித்துக்கொள்கின்றன: நீரின் மூலர்த்திணிவு 18, நைதரசன் 28, ஒட்சிசன் 32.

கடைசியாக, நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் விழுகிற உறைபனி. வெப்பமானி இரண்டு மூன்று பாகை காட்டும்போதே தேயிலை இலையில் ஐஸ் பிடித்திருக்கும். வெப்பமானி நிற்பது தரைக்கு மேலே உயரத்தில். இலையோ தெளிந்த வானத்துக்கு நேரடியாக வெப்பத்தைக் கதிர்த்துக் காற்றைவிடக் கீழே குளிர்ந்துவிடுகிறது. முகில் இருந்தால் அது கதிர்ப்பைத் திருப்பி அனுப்பும், இலை தப்பும். இனி, முகிலில்லாத இரண்டு இரவுகள், மாலையில் ஒரே வெப்பநிலை. ஒன்றில் பனிபடுநிலை 8 பாகை, மற்றதில் பூச்சியத்துக்குக் கீழே. முதல் இரவில் இலை 8 பாகைக்கு வந்ததும் பனித்துளி படியத் தொடங்கும், படிகிற ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 2,500 யூல் மறைவெப்பத்தை இலைக்குக் கொடுக்கும், குளிர்வது மெதுவாகும். இரண்டாவது இரவில் அந்த உதவி கிடைக்காது. இலை பூச்சியத்தைத் தாண்டி இறங்கிய பிறகுதான் ஆவி படியும், அதுவும் நேராக ஐஸாக. காலையில் வெயில் ஏறும்போது கருகி நிற்பது அந்த வரண்ட இரவின் கொழுந்து.